சித்தியும் சூத்திரமும்

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பரிணாமப் பாடத்தை ஒட்டி, அறவுணர்வின் இயற்கை வேர்களைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சிறப்பு வகுப்பு எடுக்க ஒப்புக்கொண்டேன். அதற்காகப் படிக்கத் தொடங்கியதில் வந்த குழப்பம்தான் இந்தக் கடிதம்.

ஒன்றரை வயதிலிருந்து என்னை வளர்த்தவர் என் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவி. எனக்கும் அவருக்கும் ரத்த உறவு கிடையாது. இப்போது பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ரத்த உறவின் அளவை வைத்து உதவியைக் கணக்கிடும் ஹாமில்டனின் சூத்திரத்தைப் படித்த அன்று இரவு, அவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது, சூத்திரத்தின்படி எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும் எண் பூஜ்ஜியம் என்று உறைத்தது. அப்படியென்றால் நான் செய்வது என்ன? ஜீனின் பிழையா? அன்பு என்பதே கணக்கு என்றால், அந்தக் கணக்கும் தப்பு என்றால், மிச்சம் என்ன இருக்கிறது?

இன்னும் சில கேள்விகள். அறம் இயற்கையிலிருந்து வந்தது என்றால் அதற்குக் கடவுள் தேவையில்லையா? மூளையில் அறத்துக்கென்று ஓர் இடம் உண்டு என்று, தலையில் இரும்புக் கம்பி துளைத்த கேஜின் கதையை வைத்துச் சொல்கிறார்களே, அது உண்மையா? இத்தனைக்கும் நடுவில் ஆறுதலாகக் கிடைத்தது ஒன்றுதான், வெள்ளரித் துண்டை வீசி எறியும் குரங்கின் விடியோ. அநீதியைக் குரங்கே பொறுப்பதில்லை என்றால் இயற்கை அடிப்படையில் நல்லதுதான் என்று பட்டது. வகுப்பை அதில் தொடங்கி அதிலேயே முடிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

— ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பக்கவாதத்தில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது உடம்பையும் மனத்தையும் ஒருசேரக் கரைக்கிற வேலை. முதலில் ஒழுங்காகத் தூங்குங்கள். மாற்று ஆள் கிடைத்தால் கூச்சப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வந்த நேரத்தில் நானும் இதே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், குறிப்பாக உங்களுக்கு ஆறுதல் தந்த அந்தக் குரங்கைப் பற்றி. அதற்குப் பிறகு வருகிறேன். உங்களைக் குடையும் சூத்திரத்தை முதலில் எடுத்துப் போட்டுவிடலாம்.

வில்லியம் ஹாமில்டன் 1964-இல் சொன்னது இவ்வளவுதான்: உதவி பெறுபவருக்குக் கிடைக்கும் நன்மையை இருவருக்குமான மரபுறவின் அளவால் பெருக்குங்கள். வருகிற தொகை உதவுபவரின் இழப்பைவிடப் பெரிதாக இருந்தால், அந்த உதவியைத் தூண்டும் ஜீன் தலைமுறைகளினூடே பரவும். கூடப்பிறந்தவர்களுக்கு அந்த அளவு இரண்டில் ஒன்று, அவர்களின் பிள்ளைகளுக்கு நான்கில் ஒன்று, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுக்கு எட்டில் ஒன்று. இது எந்த ஜீன் பரவும் என்பதற்கான கணக்கு. படுக்கை மாற்றுகிறவளின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓர் இயல்பு எதற்காக நிலைத்தது என்பது ஒரு கேள்வி, அது இப்போது எப்படி இயங்குகிறது என்பது வேறு கேள்வி. 1961-இல் எர்ன்ஸ்ட் மேயரும் 1963-இல் நிக்கோ டின்பர்கனும் இவற்றைப் பிரித்துவைத்தார்கள். உயிரியல் நடத்துகிற நீங்கள் இதைக் கலந்து குழப்பிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பசி எதற்கு வந்தது என்றால் உடம்புக்கு ஆற்றல் சேர்க்க. ஆனால் பசித்தவனுக்குக் கலோரி தெரியாது, சோறுதான் தெரியும். அதனால் அவன் பசி பொய்யாகிவிடுமா?

இதற்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எந்த உயிருக்கும் இன்னொரு உயிரின் ஜீனைப் பார்க்கும் கண் கிடையாது. ‘இவர் என் ரத்தம்’ என்று உடம்புக்கு நேரடியாகத் தெரியவே தெரியாது. அது சில அடையாளங்களை வைத்து ஊகிக்கிறது. மனிதர்களில் இதை டெப்ரா லிபர்மனும் தோழர்களும் 2007-இல் சோதித்தார்கள். மூத்த பிள்ளைக்கு வலுவான அடையாளம், தன் அம்மா ஒரு சிசுவைத் தூக்கிப் பராமரிப்பதைக் கண்ணால் பார்ப்பது. இளைய பிள்ளைக்கு அந்த வாய்ப்பு கிடையாது, அக்கா பிறந்ததைத் தங்கை பார்த்திருக்க முடியாதே. அங்கே இன்னொரு அடையாளம் வேலை செய்கிறது, சிறுவயதில் எத்தனை ஆண்டு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்பது. அந்தக் காலம் நீள நீள, ஒருவருக்கொருவர் உதவும் மனமும் கூடுகிறது, அவரோடு உடலுறவு என்ற நினைப்பில் எழும் அருவருப்பும் கூடுகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல். ரத்த உறவு இல்லை என்று தெரிந்தே சேர்ந்து வளர்ந்தவர்களிடமும் அந்த அளவுகோல் தன் வேலையைச் செய்கிறது.

எலிகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2011-இல் இன்பால் பென்-அமி பர்த்தல், டெசெட்டி, மேசன் மூவரும் செய்த சோதனை இது. ஓர் எலியை ஒளி ஊடுருவும் குறுகிய குழாயில் அடைக்கிறார்கள். அதன் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். சேர்ந்து வாழும் இன்னோர் எலியை வெளியே விடுகிறார்கள். தினம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு நாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏழாம் நாள் வாக்கில் பெரும்பாலான எலிகள் கதவைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்துக் கூட்டாளியை வெளியே விட்டுவிடுகின்றன. வெற்றுக் குழாய் என்றாலோ உள்ளே பொம்மை எலி என்றாலோ அந்தப் பாடு படுவதில்லை. பக்கத்திலேயே சாக்லேட் அடைத்த குழாயை வைத்தால் இரண்டையும் திறந்து, சாக்லேட்டில் ஒரு பங்கையும் விட்டுவைக்கின்றன.

உங்கள் கேள்விக்கு விடை இருப்பது 2014-இல் வந்த தொடர் ஆய்வில். வெள்ளை எலி, தன் வகையைச் சேர்ந்த முன்பின் தெரியாத எலியையும் விடுவிக்கிறது. கறுப்புத் தலை கொண்ட வேறு வகை எலியை விடுவிப்பதில்லை. ஆனால் அந்த வகை எலி ஒன்றோடு இரண்டு வாரம் ஒரே கூண்டில் வாழ்ந்துவிட்டால், அந்த வகையின் அந்நிய எலிகளுக்கும் கதவைத் திறக்கிறது. பிறகு ஆய்வாளர்கள், பிறந்த உடனே சில வெள்ளைக் குட்டிகளை எடுத்து மற்ற வகைத் தாயிடம் வளரவிட்டார்கள். வளர்ந்தபின் அவை கறுப்புத் தலையர்களுக்குத் திறந்தன. தம் சொந்த வெள்ளை வகை அந்நியர்களைக் குழாயிலேயே விட்டுவிட்டன.

வளர்த்தவள் யாரோ, அவளைக் கொண்டுதான் ‘நம்மவர்’ எழுதப்படுகிறது. ஒன்றரை வயதில் உங்களைத் தூக்கிய கை யாருடையதோ அதை உங்கள் உடம்பு அம்மா என்று பதிந்துகொண்டது. அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதைப் பிழை என்று சொல்ல வேண்டுமானால் ஒரு ஜீன் எழுந்து வந்து சொல்ல வேண்டும். நீங்கள் எதற்கு அதன் சார்பில் வக்காலத்து வாங்குகிறீர்கள்? நாணல் புதரில் கூடு கட்டும் சின்னஞ்சிறு பறவை, குயிலினக் குஞ்சு ஒன்றுக்கு ஊட்டி ஊட்டி ஓய்கிறதே, அதைப் பிழை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒற்றைக் குஞ்சு ஒரு கூடு நிறையக் குஞ்சுகள் கத்துவதைப்போல வேகமாகக் கத்தி, கூட்டுக்காரியின் அடையாளக் கணக்கை ஏமாற்றுகிறது. உங்கள் வீட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

மேலும், சித்திகள் மனித இனத்தின் ஓரத்தில் நிற்பவர்கள் அல்லர். சிம்பன்சித் தாய் தன் குட்டியை மாதக்கணக்கில் வேறு கையில் கொடுக்காது. மனிதத் தாய் பிறந்த அன்றே கொடுக்கிறாள். மானுடவியலாளர் சாரா ஹர்டி 2009-இல் எடுத்துக்காட்டிய கணக்குப்படி, ஒரு மனிதக் குழந்தை தன் உணவைத் தானே ஈட்டும் வயதை எட்ட ஏறத்தாழ 1.3 கோடி கலோரி வேண்டும். ஒரு தாய் தனியாக இதைச் சேர்க்க முடியாது. ஆனாலும் சிம்பன்சிக்கு ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு பிரசவம் என்றால், வேட்டையாடிச் சேகரித்து வாழும் மனிதர்களில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒன்று. பெறாதவர்களும் வளர்த்தார்கள், அதனால்தான் இது முடிந்தது. 2014-இல் ஜூடித் புர்கார்ட் குழுவினர் மனிதன் உட்பட 15 வகை முதனிகளிடம் (குரங்குகளும் மனிதனும் அடங்கிய விலங்குத் தொகுதி) ஒரே கருவியை வைத்துப் பார்த்தார்கள். தனக்கு எதுவும் கிடைக்காதபோதும் மற்றவருக்கு உணவு கிடைக்கும்படி பலகையை இழுப்பது எந்த இனம்? மூளையின் அளவு அதைச் சொல்லவில்லை. பெறாதவர்கள் எந்த அளவு குட்டியை வளர்க்கிறார்கள் என்பதுதான் சொன்னது. அணில் அளவே இருக்கும் மார்மோசெட் குரங்கு இதில் சிம்பன்சியை முந்துகிறது.

கடவுள் பற்றிய கேள்விக்கு நான் வரப்போவதில்லை. இயற்கையில் ஒன்று எப்படி வந்தது என்று சொல்வதிலிருந்து அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு கட்ட முடியாது. தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-லேயே இதைச் சொல்லிவிட்டார். உங்கள் மாணவர்களும் அந்த ஒரு மணி நேரத்தில் அதைத் தீர்க்கப்போவதில்லை.

கேஜை விட்டுவிடுங்கள். 1848 செப்டம்பர் 13 அன்று, ரயில் பாதைக்குப் பாறை தகர்க்கும்போது, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட கம்பி அவர் கன்னத்தின் கீழ் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அதுவரை சரி. அவர் குணம் மாறியதைப் பற்றி உடனிருந்த மருத்துவர் எழுதியவை சில வரிகள்தாம். பின்னால் வந்தவர்கள் அதைப் பெரிய புராணமாக்கினார்கள். அவர் பிறகு சிலி நாட்டில் பல ஆண்டு குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. மூளைதான் வேண்டுமென்றால் 1999-இல் வெளியான ஆண்டர்சன், டமாசியோ குழுவினரின் ஆய்வைச் சொல்லுங்கள். பதினாறு மாதம் நிறைவதற்குள்ளேயே நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி சேதமான இருவரைப் பற்றியது அது. வளர்ந்த பிறகு அதே இடத்தில் அடிபட்டவர்கள் நடத்தையில் தடுமாறினாலும் எது சரி எது தப்பு என்று வாயால் சொல்லிவிடுவார்கள். இந்த இருவருக்கும் அதுவும் வரவில்லை. மற்றபடி அறிவுக் குறை இல்லாமலே, அறவழியில் யோசிப்பதில் சின்னக் குழந்தையின் நிலையிலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் பகுதி அறத்தின் இருப்பிடம் என்பதைவிட, அதைக் கற்றுக்கொள்ளத் தேவையான உறுப்பு என்று சொல்வது பொருந்தும்.

இனி குரங்கு. இங்கேதான் உங்களை நன்றாகத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு நிமிட விடியோ. இரண்டு கூண்டு, இரண்டு கப்புச்சின் குரங்கு. கல்லைக் கொடுத்தால் பண்டம் கிடைக்கும். ஒன்றுக்கு வெள்ளரி, பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை. வெள்ளரி வாங்கியது அதை வீசி எறிந்து கம்பியைப் பிடித்து உலுக்குகிறது. அரங்கம் சிரிக்கிறது. சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003-இல் இதை வெளியிட்டார்கள். மூல ஆய்வில் சோதிக்கப்பட்டவை ஐந்தே ஐந்து பெண் குரங்குகள். நல்ல ஆய்வுதான், டி வால் பெரிய மனிதர்தான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு ‘அநீதியைப் பொறுப்பதில்லை’ என்று எழுதுவதற்கு முன் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் உண்டு.

முதல் கேள்வி: அது எதைப் பார்த்துக் கோபப்பட்டது? பக்கத்துக் குரங்குக்குக் கிடைத்ததையா, திராட்சை இருந்தும் தனக்கு வராததையா? பக்கத்துக் கூண்டில் யாருமே இல்லாமல் திராட்சையை மட்டும் கண்ணில் காட்டிப் பார்த்தால்தான் இது தெரியும். அப்படி ஓர் ஒப்பீடு மூல ஆய்விலேயே இருந்தது. பிறகு மற்றவர்கள் வேறு குரங்குகளிடம் செய்தபோது, கூட்டாளி இருக்கிறானா இல்லையா என்பதைவிட நல்ல பண்டம் கண்ணில் பட்டதா என்பதே மறுப்பைத் தீர்மானித்தது. இரண்டாவது: கோபம் யார் மேல்? 2017-இல் எங்கல்மனும் மற்றவர்களும் சிம்பன்சிகளிடம் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். குறைந்த பண்டத்தை மனிதர் கொடுத்தபோது அவை அதிகம் மறுத்தன, எந்திரம் கொடுத்தபோது குறைவாக மறுத்தன. நல்லதைத் தரக்கூடியவர் தரவில்லையே என்ற ஏமாற்றம் அது. மூன்றாவது: மொத்தக் கணக்கு என்ன? 2024-இல், 18 விலங்கினங்களில் நடந்த 23 ஆய்வுகளின் தரவை ஒன்றாகப் போட்டு மறுபடி கணக்கிட்டார்கள். பிறருக்குக் கூடக் கிடைப்பதால் விலங்குகள் மறுக்கின்றன என்பதற்குச் சான்று தேறவில்லை.

இந்த மூன்றையும் விட்டுவிடுவோம். குரங்குக்கு உண்மையிலேயே ஒப்பீட்டுக் கோபம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது நீதியுணர்வு ஆகிவிடுமா? விடியோவை மறுபடி போட்டு, இந்தத் தடவை திராட்சை வாங்கிய குரங்கைப் பாருங்கள். அது நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது. எனக்குக் குறைந்தால் கத்துவேன் என்பது யாருக்கும் வரும். எனக்குக் கூடினாலும் வேண்டாம் என்பது வேறு உறுப்பு, வேறு வயதில் முளைப்பது, எல்லா இடத்திலும் முளைக்காதது.

கணக்கோடு சொல்கிறேன், வகுப்பில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பீட்டர் பிளேக்கும் கேதரின் மெக்காலிஃபும் வடிவமைத்த கருவி இது. எதிரெதிரே இரண்டு குழந்தைகள், நடுவில் இனிப்புகளை வைக்கும் இரண்டு தட்டு. ஒரு குழந்தையின் பக்கத்தில் மட்டும் இரண்டு பிடி. பச்சைப் பிடியை இழுத்தால் தட்டுகள் சாய்ந்து அவரவர் இனிப்பு அவரவர் கிண்ணத்தில் விழும். சிவப்பை இழுத்தால் எல்லாம் நடுவிலுள்ள கிண்ணத்தில் விழுந்து இருவருக்கும் இல்லாமல் போகும். முதலில் பிடி வைத்திருப்பவருக்கு ஒன்று, எதிராளிக்கு நான்கு. பிறகு மாற்றி, பிடி வைத்திருப்பவருக்கு நான்கு, எதிராளிக்கு ஒன்று. நான்கு வயதிலேயே குழந்தைகள் முதல் பங்கீட்டுக்குச் சிவப்பை இழுக்கிறார்கள். தனக்குக் குறைந்தால் இருவருக்கும் வேண்டாம். இரண்டாவது பங்கீட்டுக்குச் சிவப்பை இழுப்பதற்கு எட்டு வயது ஆக வேண்டியிருந்தது. நடுவில் நான்கு ஆண்டு. 2015-இல் இதே கருவியை ஏழு நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள்: அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா, இந்தியா. குறைந்ததற்கு மறுப்பது ஏழிலும் தெரிந்தது. கூடியதற்கு மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா மூன்றில் மட்டுமே, அதுவும் பெரிய பிள்ளைகளிடம்தான் தெரிந்தது.

முதல் உறுப்பை உடம்பு கொண்டுவருகிறது. இரண்டாவதைப் பிறர் நடுவில் வளர்வதுதான் கொண்டுவருகிறது. நீங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதின் பெயரைச் சொல்லி வகுப்பை முடிக்கப் போகிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய் ‘எனக்கு வரும் எரிச்சல் எல்லாம் நீதியுணர்வுதான்’ என்று நம்பும். ஏற்கெனவே அப்படி நம்பும் பெரியவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

‘இயற்கை நல்லது’ என்பதற்கும் இதே கதிதான். ஆண் சிங்கம் கூட்டத்தைக் கைப்பற்றியதும் முந்தைய ஆணின் குட்டிகளைக் கொல்கிறது. பெண்கள் விரைவில் மறுபடி சினைக்குத் தயாராகிவிடுவதால் அந்த இயல்பு நிலைத்தது. எலி கதவைத் திறப்பதும் இயற்கை, திறக்காமல் விடுவதும் இயற்கை. மனிதன் இயல்பில் நல்லவனா கெட்டவனா என்று ஒற்றைக் கேள்வியாகக் கேட்பதே எனக்கு அலுத்துப்போன விஷயம். பல உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியான தூண்டல், தனியான வயது, தனியான கோளாறு. ஆறுதல் தேடிப் படிக்கிறவர்களின் கண்ணுக்கு இனிமையானவை மட்டும்தான் படும். கைலி ஹாம்லினும் மற்றவர்களும் 2007-இல், ஆறு மாதக் குழந்தைகூட மேடேற உதவும் பொம்மையைத்தான் விரும்புகிறது, தடுக்கும் பொம்மையை விரும்புவதில்லை என்று காட்டினார்கள். உலகமே உருகியது. அண்மையில் 37 ஆய்வுக் குழுக்கள் ஒரே முறையில் செய்து பார்த்தபோது விருப்பம் பாதிக்குப் பாதிதான் வந்தது. இந்த இரண்டாவது செய்திக்கு யாரும் விடியோ போடவில்லை.

ஆகவே குரங்கை நடுவில் ஐந்து நிமிடம் காட்டுங்கள், எலியையும் குழந்தைகளின் பிடிகளையும் உடன் வையுங்கள். மீதி நேரத்துக்கு, மாணவர்களை வைத்தே நடத்தக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. பொருளியலாளர்கள் எர்ன்ஸ்ட் ஃபேரும் சைமன் கெக்டரும் 2000-த்தில் பிரபலமாக்கியது. எப்படி நடத்துவது என்று சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் தப்பாகத்தான் நடத்துகிறார்கள்.

நான்கு பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு 20 வில்லை (ஆட்டக்காசு). ஒவ்வொருவரும் எத்தனை பொதுப் பானையில் போடுவது என்று யாருக்கும் காட்டாமல் சீட்டில் எழுத வேண்டும். பானையில் சேர்ந்ததை 1.6-ஆல் பெருக்கி, போட்டவர் போடாதவர் என்று பார்க்காமல் நான்காகப் பிரியுங்கள். நால்வரும் இருபதையும் போட்டால் 80 என்பது 128 ஆகி, ஆளுக்கு 32. மூவர் போட்டு ஒருவன் பதுக்கினால் 60 என்பது 96 ஆகி, பங்கு 24. போட்டவர்களிடம் 24, தன் இருபதையும் வைத்துக்கொண்டு பதுக்கியவனிடம் 44. இதைக் கரும்பலகையில் போட்டுக்காட்டி, பதுக்கியவனிடம் ஏன் 44 என்று நாலைந்து பேரைக் கணக்குச் சொல்லவைத்த பிறகே தொடங்குங்கள். கணக்குப் புரியாத பிள்ளை போடுகிற வில்லை தயாளம் அல்ல, குழப்பம்.

பத்துச் சுற்று. முதல் சுற்றில் சராசரி பாதிக்குப் பக்கத்தில் இருக்கும், பிறகு சுற்றுக்குச் சுற்று சரியும். நல்ல பிள்ளைகளும் நிறுத்திக்கொள்வார்கள். பதுக்குகிறவனைத் தண்டிக்க அவர்களிடம் இருக்கும் ஒரே வழி, தாங்களும் போடாமல் இருப்பதுதான். அது மற்ற நல்லவர்களையும் சேர்த்து அடிக்கிறது.

அடுத்த பத்துச் சுற்றில் ஒரு விதியைச் சேருங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பெயர் சொல்லாமல், ஆளுக்கு ஓர் அடையாள எண் வைத்துக் காட்டுங்கள். தன் வில்லை ஒன்றைச் செலவழித்தால் இன்னொருவரிடமிருந்து மூன்றைக் கழிக்கலாம். இப்போது தொகை ஏறும். ஆனால் மூன்று இடங்களில் கோட்டை விடுவீர்கள். முதலில் சொல். ‘தண்டனை’, ‘ஏமாற்று’ என்று வாயைத் திறக்காதீர்கள், ‘கழித்தல் புள்ளி’ என்றே சொல்லுங்கள். தண்டனை என்றால் மாணவன் உங்களுக்குப் பிடித்த பிள்ளையாக நடிக்கத் தொடங்குவான். அடுத்தது எண். ஒரே எண்ணை எல்லாச் சுற்றுக்கும் வைத்தால், என்னைக் கழித்தது யார் என்று தேடுகிற பழிக்குப் பழியாகிவிடும். சுற்றுக்குச் சுற்று எண்ணை மாற்றிக் கொடுங்கள். கடைசியாகப் பரிசு. அதிக வில்லை வைத்திருப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தால் ஆட்டமே கெட்டது, அது போட்டி. மொத்த வில்லைக்கு ஏற்ப ஒவ்வொருவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

முதல் சுற்றுகளில் கழித்தலுக்கான செலவால் குழுவின் மொத்தமே குறைவதைப் பார்த்து, விதி தோற்றது என்று அறிவித்துவிடாதீர்கள். 2008-இல் பத்துச் சுற்றையும் ஐம்பது சுற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீண்ட ஆட்டத்தில்தான் அந்தச் செலவு திரும்பி வந்தது. அச்சம் நிலைத்த பிறகு யாரும் கழிக்க வேண்டிய தேவையே அரிதாகிவிடுகிறது.

முக்கியமான சீட்டுகள் வேறு. குறைவாகப் போட்டவன் அதிகமாகப் போட்டவளைக் கழித்த சீட்டுகளைத் தனியே எடுங்கள். இருக்கும். ஹெர்மனும் தோனியும் கெக்டரும் 16 நகரங்களின் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதே 20 வில்லை, இதே ஒன்றுக்கு மூன்று விதியோடு ஆடவைத்து 2008-இல் வெளியிட்டார்கள். பாஸ்டனிலும் கோபன்ஹேகனிலும் இத்தகைய கழித்தல் மிகக் குறைவு. ஏதென்சிலும் மஸ்கட்டிலும் தாராளமாக இருந்தது. அங்கெல்லாம் கழித்தல் விதி வந்த பிறகும் பொதுப்பானை பெரிதாக நிரம்பவில்லை. பொதுச்சட்டத்தின் மேல் நம்பிக்கை குறைந்த சமூகங்களில் இது கூடுவதாகக் கண்டார்கள். எந்த ஊர்க்காரர் உயர்ந்தவர் என்று பட்டியல் போட இதைப் பயன்படுத்தினால் நான் உங்களோடு பேசமாட்டேன். அளந்தது அந்தந்த ஊரின் மாணவர்களை, மனித வகைகளை அல்ல. கோபம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எவன் மேல் திருப்ப வேண்டும் என்பதைத்தான் ஊர் கற்றுக்கொடுக்கிறது.

பிறகு பத்தாவது சுற்றின் சீட்டுகள். இதுதான் கடைசி என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். அடுத்த சுற்றே இல்லாதபோது பதுக்கியவனைக் கழிப்பதால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை, ஒரு வில்லை நட்டம் மட்டுமே. இருந்தும் சிலர் கழித்திருப்பார்கள். யார் என்று நீங்கள் சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். ஏன் கழித்தேன் என்பதை அவர்களே பெயரில்லாமல் சீட்டின் பின்புறம் எழுதட்டும். ஆட்டம் முடிந்த கையோடு எழுதவைத்துவிடுங்கள். மறுநாள் கேட்டால் எல்லோரும் நியாயம் பேசுவார்கள்.